மூன்றாம் மாதத்தில் டிபி மாத்திரையை நிறுத்திவிட்டான் தம்பி, என்ன செய்வது?

பல்லடம்காரி:
தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனி டெய்லர். நுரையீரல் டிபி. முதல் இரண்டு மாதம் ஒழுங்காக மாத்திரை போட்டான். இருமல் நின்றது, எடை ஏறியது. இப்போது "எனக்குத்தான் சரியாயிடுச்சே" என்கிறான். நேற்று அவன் பையில் பிரிக்காத அட்டைகள் கிடந்தன. திட்டினால் வெளியே போய்விடுகிறான். இலவசமாகத் தருகிற மாத்திரையை விழுங்க அப்படி என்ன கஷ்டம்?

திண்டுக்கல் பெரியவர்:
மாத்திரை இலவசம்தான் தங்கச்சி. அதை வாங்க அரை நாள் லீவு போட்டால் கூலி போகுமே! டிபி பிரிவில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பாதியில் விட்டவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து பேசினால்தான் காரணம் வரும். ஒருவருக்குக் குமட்டல். இன்னொருவருக்கு பைராசினமைடு என்ற டிபி மருந்தால் மூட்டுவலி. ரிஃபாம்பிசின் என்ற இன்னொரு மருந்தால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போவதைக் கண்டு பயந்தவர்கள் உண்டு, அதில் ஆபத்து இல்லை என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். குடிக்கிறவர் "ரெண்டும் சேரக்கூடாது" என்று கேள்விப்பட்டு மாத்திரையை விடுவார், குவார்ட்டரை விடமாட்டார். (இந்த ரகம் நிறைய.)

வேகமாகப் பெருகும் கிருமிகள் சீக்கிரம் செத்துவிடும், உடம்பும் தேறும். தூங்குகிற மாதிரி கிடப்பவற்றைக் கொல்லத்தான் பாக்கி நான்கு மாதம். இதைத் தம்பிக்கு யாராவது சொன்னார்களா?

டிபி ஆஸ்பத்திரியான சானடோரியத்தில் படுக்காமல் வீட்டிலிருந்தே குணமாகலாம் என்று உலகத்துக்குக் காட்டியதே 1950களின் கடைசியில் மெட்ராஸில் நடந்த ஆய்வுதான். வீட்டிலிருந்து வைத்தியம் என்றால் வீட்டுப் பாடும் கூடவே வரும். அதனால் ஏன் போடவில்லை என்று கேட்காதீர்கள். எத்தனை மணிக்குப் போடுகிறாய், போட்டால் என்ன செய்கிறது என்று கேளுங்கள்.

முடித்தவள்:
அக்கா, எனக்கு டிபி வந்தபோது கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அம்மா மாத்திரையை அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைப்பார். சொந்தக்காரர்கள் வந்தால் அன்று மாத்திரை கிடையாது. அப்புறம் டாக்டரிடம் கேட்டு இரவு படுக்கும் நேரத்துக்கு மாற்றிக்கொண்டேன். யார் கண்ணிலும் படவில்லை, குமட்டலும் குறைந்தது.

பல்லடம்காரி:
பெரியவர் சொன்னபடி கேட்டேன். வெறும் வயிற்றில் போட்டுவிட்டு கம்பெனி பஸ் ஏறினால் வாந்தியாம். தினமும் ஒன்றரை ஷிப்ட், அதனால் மாத்திரை வாங்கவும் போக முடியவில்லை. டிபி நோயாளிக்குச் சத்துணவுக்காக அரசிடமிருந்து மாதம் வரவேண்டிய ஆயிரம் ரூபாயும் கணக்கில் ஏறவில்லை. கையில் இருக்கும் மாத்திரையை இன்றைக்கே ஆரம்பிக்கச் சொல்லலாமா?

திண்டுக்கல் பெரியவர்:
நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம். நாளைக்கே கூட்டிப் போங்கள். எத்தனை நாள் விட்டான் என்பதை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் சளியை மறுபடி பரிசோதித்து, மருந்துக்குக் கிருமி இன்னும் கட்டுப்படுகிறதா என்று பார்ப்பார்கள். வாந்தியையும் சொன்னால் நேரத்தை மாற்றித் தரலாம். நிக்‌ஷய் நம்பர் (டிபி நோயாளியாகப் பதிவு செய்தபோது தந்தது) கையில் இருந்தால் கம்பெனிக்குப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே மாற்றிக்கொள்ளலாம். உங்கள் கையிலேயே மாத்திரையைத் தருவார்களா என்றும் கேட்டுப் பாருங்கள். பணம் அநேகமாக வங்கி, ஆதார் இணைப்பில் சிக்கியிருக்கும், பாஸ்புக்கை எடுத்துப் போங்கள். கண் மஞ்சளானாலோ வாந்தி நிற்காவிட்டாலோ அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். சந்தேகம் என்றால் அரசின் டிபி உதவி எண் 1800-11-6666, கட்டணம் கிடையாது.