அண்ணனின் கணக்கும் அக்காவின் பராமரிப்பும்: குடும்ப ஆலோசனை யார் பக்கம் நிற்கும்?

கேள்வி: தக்கலை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். என் பிறந்த வீடு கருங்கல் பக்கம். அப்பா ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளியாக இருந்தார். அவர் இறந்த பிறகு அண்ணன் குவைத்துக்குப் போனார்; இன்று இருக்கும் வீடு அவர் அனுப்பிய பணத்தில் எழுந்தது, என் படிப்பும் எனக்குக் கொடுத்த சீதனமும் அந்தப் பணம்தான். அக்கா நர்சிங் படித்துக்கொண்டிருந்தபோது அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. படிப்பை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்தவர் பிறகு திரும்பிப் போகவே இல்லை, திருமணமும் நடக்கவில்லை.

மனையும் அதை ஒட்டிய ரப்பர் விளையும் (தோட்டமும்) அம்மா பெயரில் இருக்கின்றன. அவற்றை அண்ணன் பெயருக்குச் செட்டில்மென்ட் எழுதிவிட வேண்டும் என்று அம்மா இப்போது நினைக்கிறார். “கட்டினவனுக்குத்தானே வீடு” என்பது அவருடைய நியாயம். அக்கா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் அந்தப் பேச்சு எழுந்த நாள் முதல் அண்ணனின் தொலைபேசி அழைப்பை எடுப்பதில்லை, இரவில் தூங்குவதில்லை, நெஞ்செரிச்சல் என்று சொல்லிச் சாப்பாட்டையும் குறைத்துவிட்டார். பரிசோதனைகளில் உடல்நோய் எதுவும் தெரியாததால் மருத்துவர் மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். அவர் அக்காவுடன் பேசிவிட்டு, இனி வீட்டார் எல்லோரும் சேர்ந்து வந்தால் நல்லது என்கிறார்.

நான் தொலைநிலைக் கல்வியில் உளவியல் முதுகலை படிக்கிறேன். அமெரிக்க உளவியலாளர் லாரன்ஸ் கோல்பெர்க், ஒருவர் சரி தவறைச் சிந்திக்கும் விதத்தை ஆறு படிகளாகப் பிரித்தார்; அந்த ஒழுக்க வளர்ச்சிப் படிநிலைகளைப் படிக்கும்போதெல்லாம் எங்கள் வீடுதான் மனத்தில் வருகிறது. அண்ணன் உரிமை, ஈடு, நியாயம் என்று பேசுகிறார். அக்கா “அம்மாவை விட்டுவிட்டு எப்படிப் போவது” என்பதற்கு மேல் எதுவும் சொல்வதில்லை. பாடநூலின்படி அண்ணன் உயர்ந்த படியிலும் அக்கா, உறவினரின் நல்லெண்ணத்தை நாடும் மூன்றாம் படியிலும் இருப்பதாகத் தோன்றுகிறது. என் மனம் அதை ஏற்க மறுக்கிறது. குடும்ப ஆலோசகர் இந்த இடத்தில் நியாயம் சொல்வாரா, அல்லது சமாதானம் செய்து அனுப்பிவிடுவாரா? வெளியாளிடம் பேச வேண்டியதில்லை, பங்குத்தந்தையிடம் சொன்னால் போதும் என்பது அண்ணனின் கருத்து. இதற்கிடையில் அம்மா ஒவ்வொருவரையும் பற்றி என்னிடம் குறை சொல்கிறார். அண்ணனும் அக்காவின் மனத்தில் என்ன இருக்கிறது என்று என்னிடமே கேட்கிறார். நான் என்ன செய்வது?

பதில்: நாகர்கோவில் விரிவுரையாளர்

சகோதரி, முதலில் கோல்பெர்க்கைப் பற்றிய ஐயத்தைத் தீர்த்துக்கொள்வோம். 1958இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அவர் அளித்த முனைவர் பட்ட ஆய்வு பத்து முதல் பதினாறு வயது வரையிலான சிறுவர்களைப் பற்றியது. சிறுமிகள் அதில் இல்லை. சாகும் நிலையில் இருக்கும் மனைவிக்காக, வாங்க முடியாத விலையில் விற்கப்படும் மருந்தை ஹைன்ஸ் என்பவர் திருடலாமா என்று அவர் கேட்டார். திருடலாம், திருடக் கூடாது என்ற இரு விடைகளும் எந்தப் படியிலும் வரக்கூடியவை. அவர் எடைபோட்டது காரணத்தை மட்டுமே. அந்த அளவுகோலைக் கையில் எடுத்தால், “நான் கொடுத்தேன், ஆகவே எனக்கு” என்ற பேச்சு உயர்ந்த படியில் வராது. கொடுக்கல் வாங்கலை நியாயமாகக் கருதும் இரண்டாம் படிக்கே அது உரியது. உரிமை என்ற சொல் வந்துவிட்டதாலேயே ஒரு வாதம் உயர்ந்த கொள்கையாகிவிடாது. உயர்ந்த படியை எட்ட வேண்டுமானால், சம்பந்தப்பட்ட ஒவ்வொருவரின் இடத்திலும் தன்னை வைத்துப் பார்த்த பிறகும் அதே முடிவு நிற்க வேண்டும் என்று கோல்பெர்க் எதிர்பார்த்தார். உங்கள் அண்ணன் அக்காவின் இடத்தில் நின்று இந்தப் பத்திரத்தைப் பார்த்திருக்கிறாரா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

அக்காவின் பேச்சை விளங்கிக்கொள்ள அமெரிக்க உளவியலாளர் கரோல் கில்லிகன் உதவுவார். 1982இல் வெளிவந்த நூலில் அவர், நீதியை மையமாகக் கொண்ட சிந்தனையோடு பராமரிப்பை மையமாகக் கொண்ட சிந்தனையும் ஒரு முழுமையான ஒழுக்கச் சிந்தனையே என்று வாதிட்டார். பலரும் இந்த அளவோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் பராமரிப்புச் சிந்தனைக்கும் வளர்ச்சி உண்டு என்று அவர் சொன்ன பகுதிதான் உங்கள் வீட்டுக்குத் தேவைப்படுகிறது. தன்னை மட்டும் காத்துக்கொள்வதில் தொடங்குபவர் அடுத்த நிலையில் பிறருக்காகத் தன்னைக் கரைத்துக்கொள்வதை நன்மை என்று கருதுகிறார். அதற்கும் அடுத்த நிலையில், காக்கப்பட வேண்டியவர்களின் வரிசையில் தானும் இருப்பதை உணர்கிறார். உங்கள் அக்கா இந்த மூன்றில் இரண்டாம் நிலையில் நிற்கிறார் என்று தோன்றுகிறது. அவர் முன்னேறுவதற்கு அம்மாவை விட்டுப் போக வேண்டியதில்லை. தன்னையும் எண்ணிக்கையில் சேர்த்துக்கொண்டால் போதும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெண் என்றால் பராமரிப்பு, ஆண் என்றால் நீதி என்று பிரித்துவிடாதீர்கள். 2000இல் ஜாஃபி, ஹைட் என்ற இரு ஆய்வாளர்கள் அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது பால் வேறுபாடு சிறிதாகவே இருந்தது. ஒருவர் கையில் குடும்பம் எந்த வேலையைக் கொடுத்தது என்பதே அவர் எப்படிச் சிந்திக்கிறார் என்பதைப் பெரிதும் முடிவு செய்கிறது என்பது என் கருத்து. நம் நாட்டைப் பொறுத்தவரை, 1990களின் தொடக்கத்தில் ஜோன் மில்லரும் டேவிட் பெர்சாஃபும் மைசூரிலும் அமெரிக்காவின் நியூ ஹேவனிலும் நடத்திய ஆய்வு கவனிக்கத்தக்கது. நண்பனின் திருமணத்துக்கு மோதிரம் கொண்டுபோக வேண்டியவர், வேறு வழியின்றி இன்னொருவரின் ரயில் டிக்கெட்டை எடுத்துக்கொள்ளலாமா என்பது போன்ற சிக்கல்களை அவர்கள் முன்வைத்தார்கள். அமெரிக்கர்களைவிட இந்தியர்கள் உறவுக் கடமைக்கு அதிகம் முதலிடம் கொடுத்தார்கள். அதைத் தனிப்பட்ட விருப்பமாகப் பார்க்காமல் ஒழுக்கக் கட்டாயமாகவே பார்த்தார்கள். ஆகவே அக்கா சொல்வதைப் பலவீனமான மனத்தின் பேச்சு என்று எந்தப் பாடநூலை வைத்தும் ஒதுக்க முடியாது.

பதில்: குவைத்தில் இருக்கும் கருங்கல்காரன்

அண்ணன் பக்கத்திலிருந்து ஒருவன் பேச வேண்டும் என்பதால் எழுதுகிறேன். வெளிநாட்டில் இருப்பவன் கணக்குச் சொன்னால் ஊரில் அதைப் பேராசை என்று எடுத்துக்கொள்கிறார்கள். அம்மா நோயில் கிடந்தபோது பக்கத்தில் இருக்க முடியாதவன், தங்கையின் திருமணத்துக்கு விடுப்பு கிடைக்குமா என்று மேலாளர் முன் நின்றவன், தன் அன்பைக் காட்ட எதை எடுத்து வைப்பான்? பணம் ஒன்றுதான் எண்ணிச் சொல்லக் கூடியதாக அவன் கையில் இருந்தது. உங்கள் அண்ணன் விளையைக் கேட்கிறாரா, அல்லது “நீயும் இந்த வீட்டுக்காக வாழ்ந்தாய்” என்று யாராவது சொல்ல வேண்டும் என்று காத்திருக்கிறாரா என்பதைத் தயவுசெய்து விசாரியுங்கள்.

பதில்: குழித்துறை பத்திர எழுத்தர், ஓய்வு

மேலே எழுதியவர்களை மதிக்கிறேன். ஆனால் நல்ல சொல் மட்டும் அக்காவுக்குக் கூரை ஆகாது.

அம்மாவின் நியாயம் எங்கிருந்து வந்தது என்பதை இளையவர்கள் அறிய வேண்டும். நம் கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. திருவிதாங்கூரில் 1916ஆம் ஆண்டின் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் மகளுக்கு மகனின் பங்கில் நான்கில் ஒரு பகுதி அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதையே கொடுத்தது. சீதனம் வாங்கியவளுக்கு அதுவும் இல்லை. கேரளப் பெண்மணி மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம், முன்னாள் திருவிதாங்கூர் பகுதிக்கு 1951 ஏப்ரல் 1 முதல் 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. அதன்படி உயில் எழுதாமல் இறந்தவரின் பிள்ளைகளுக்கு, மகன் மகள் என்ற வேறுபாடு இல்லாமல், சம பங்கு உண்டு. சட்டம் மாறிவிட்டாலும், சீதனம் கொடுத்ததோடு மகளின் கணக்கு முடிந்தது என்ற எண்ணம் வீடுகளில் அப்படியே இருக்கிறது. அந்தப் பழைய எண்ணத்தின்படியே பார்த்தாலும் உங்கள் அம்மா ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்: சீதனமே வாங்காத மகளை எந்தக் கணக்கில் வைப்பது?

சொத்து அம்மாவுடையது, உயிரோடு இருக்கும்போது யாருக்கு எழுதவும் அவருக்கு உரிமை உண்டு. ஆனால் அண்ணனுக்கே எழுதினாலும், அம்மாவுக்கும் அவருக்குப் பின் அக்காவுக்கும் ஆயுள் முழுவதும் அந்த வீட்டில் வசிக்கும் உரிமை உண்டு என்று பத்திரத்திலேயே எழுத முடியும். விளையில் ஒரு பகுதியை அக்கா பெயருக்குப் பிரித்தும் எழுதலாம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நல்வாழ்வுச் சட்டம், 2007இன் 23ஆம் பிரிவின்படி, பராமரிப்பு நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, அந்த நிபந்தனை மீறப்பட்டால், தீர்ப்பாயத்தில் முறையிட்டு ரத்து செய்யலாம்; நிபந்தனையைப் பத்திரத்தில் தெளிவாக எழுதிவைப்பதே பாதுகாப்பு. ஆனால் அந்தப் பிரிவு எழுதிக்கொடுக்கும் மூத்தவரைக் காப்பது, அக்காவைக் காக்காது. அவருக்கென்று தனியே எழுத வேண்டும்.

பதில்: மார்த்தாண்டம் குடும்ப ஆலோசகர்

பத்திர எழுத்தர் ஐயா சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் பேச்சுக்கு முன்னால் பத்திரம் பதிவாகிவிடக் கூடாது. பங்கு சரியாகப் பிரிந்த பிறகும் பல ஆண்டுகள் பேசாமல் இருக்கும் உடன்பிறந்தவர்களை இந்தத் தொழிலில் நிறையப் பார்க்கிறோம்.

ஆலோசகர் நியாயம் சொல்வாரா என்ற உங்கள் கேள்விக்கு, இந்தத் துறையிலேயே ஒருவர் தன் வாழ்நாளைக் கொடுத்திருக்கிறார். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மனநல மருத்துவர் இவான் போசோர்மெனி-நாகி, 1973இல் ஜெரால்டின் ஸ்பார்க்குடன் சேர்ந்து எழுதிய நூலில், ஒவ்வொரு குடும்பத்துக்குள்ளும் யார் யாருக்கு எவ்வளவு செய்தார் என்ற எழுதப்படாத கணக்கு தலைமுறைகளைத் தாண்டி ஓடுகிறது என்றார். கொடுத்தவருக்கு அது, திரும்பப் பெறுவதற்கு உரிய தகுதியைச் சேர்க்கிறது. அந்தத் தகுதியை யாரும் கண்டுகொள்ளாதபோது, அதற்குக் காரணமே இல்லாத இன்னொருவரிடமிருந்து அதை வசூலிக்கும் நிலை உருவாகிறது. உங்கள் வீட்டில் இரண்டு பேர் கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் கொடுத்ததற்கு வங்கிச் சீட்டும் சுவரும் சாட்சி. இன்னொருவர் கொடுத்ததற்கு, அம்மா படுக்கைப்புண் இல்லாமல் இத்தனை காலம் இருப்பதே சாட்சி. அது யார் கண்ணிலும் படவில்லை. அக்காவின் நெஞ்செரிச்சலுக்கு இதுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், அதை அவரைப் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் பேச முடியாத குறையை உடல் சுமப்பது எங்களுக்குப் பழக்கமான காட்சி.

நாகியின் முறையில் ஆலோசகர் எந்தப் பக்கமும் சாராதவராக ஒதுங்கி நிற்பதில்லை. ஒவ்வொருவர் பக்கமும் முறையே நின்று, அவர் கொடுத்ததையும் இழந்ததையும் மற்றவர்கள் முன் சொல்ல வைக்கிறார். அறைக்கு வராதவருக்காகவும் பேசுகிறார். தீர்ப்பை அவர் தர மாட்டார், தீர்ப்பு அம்மாவுடையது. அதே நேரத்தில் “விட்டுக்கொடுத்துப் போங்கள்” என்று அக்காவை அனுப்பினால், அது ஏற்கெனவே அதிகம் கொடுத்தவரிடம் மீண்டும் கேட்பதாகும். ஒரு நல்ல ஆலோசகர் அதைச் செய்யக் கூடாது.

நம் குடும்பங்களுக்கு இது அந்நியமானது என்ற எண்ணம் வேண்டாம். 1950களிலேயே அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் மருத்துவர் வித்யா சாகர் நோயாளிகளுடன் உறவினரையும் தங்கவைத்துச் சிகிச்சை அளித்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் மனநல மையமும் உறவினர் உடன் தங்கும் முறையைப் பின்பற்றியது. பங்குத்தந்தையிடம் அண்ணன் பேசுவதும் நல்லதே. ஒன்று மற்றொன்றைத் தடுக்காது.

உங்கள் இடம் பற்றியும் சொல்ல வேண்டும். இருவருக்கிடையே இறுக்கம் கூடும்போது மூன்றாமவரை இழுத்து அதைத் தணித்துக்கொள்வதை அமெரிக்கக் குடும்ப சிகிச்சையாளர் மர்ரே போவன் முக்கோணம் என்றார். தூது போவதால் அந்த நேரத்துக்கு எல்லோருக்கும் மூச்சு விட முடிகிறது. ஆனால் பேச வேண்டியவர்கள் நேருக்கு நேர் பேசாமலே காலம் கழிகிறது. அதிலிருந்து விலகுவது என்றால் உறவை முறித்துக்கொள்வது என்று பொருள் இல்லை. எல்லோரோடும் அன்பாக இருந்துகொண்டே, “இதை அக்காவிடமே கேளுங்கள் அண்ணா, நானும் பக்கத்தில் இருக்கிறேன்” என்று சொல்லப் பழக வேண்டும்.

தக்கலை ஆசிரியை

அனைவருக்கும் நன்றி. சீதனம் வாங்காத மகள் என்ற வரியைப் படித்த பிறகு, சீதனம் வாங்கிய மகள் நான் என்பதையும் ஆலோசகரின் குடும்பச் சந்திப்பில் சொல்லியாக வேண்டும் என்று நினைக்கிறேன். எனக்குப் பங்கு வேண்டாம் என்று முதலிலேயே அறிவித்துவிடலாமா? அண்ணன் இப்போது ஊருக்கு வர இயலாது. காணொளி அழைப்பில் அவர் சேர்ந்தால் பயன் இருக்குமா?

மார்த்தாண்டம் குடும்ப ஆலோசகர்

காணொளியில் சேர்வது போதும். ஆனால் அம்மாவும் அக்காவும் ஒரே திரையின் முன் உட்கார்ந்திருக்க வேண்டும், அண்ணனும் வேலை முடிந்து களைத்திருக்கும் நேரமாக இருக்கக் கூடாது. பங்கு வேண்டாம் என்ற அறிவிப்பை முதல் சந்திப்பில் வைக்காதீர்கள். நீங்கள் விட்டுக்கொடுத்த உடனே அடுத்து அக்காவும் விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற நெருக்கடி தானாக எழும். உங்களுக்குக் கிடைத்தது என்ன, அது யாருடைய உழைப்பு, அந்தக் காலத்தில் வீட்டில் அம்மாவைப் பார்த்துக்கொண்டது யார் என்பதை மட்டும் சொல்லுங்கள். ஆலோசகர் உங்களிடம், “அண்ணன் பெயரை எடுத்ததும் அக்கா எழுந்து போனால் அம்மா அப்போது என்ன செய்வார்?” என்பது போன்ற கேள்விகளைக் கேட்கலாம். இத்தாலியின் மிலான் நகரக் குடும்ப சிகிச்சைக் குழுவினர் உருவாக்கிய முறை அது. குற்றம் கண்டுபிடிக்கக் கேட்பதில்லை, மற்ற இருவரும் தங்கள் உறவை வெளியிலிருந்து காணட்டும் என்றே கேட்பது.

அதற்கு முன் அக்காவின் சம்மதத்தைத் தனியாகக் கேளுங்கள். அவர் ஆலோசகரிடம் சொன்னதில் எதை எல்லோர் முன்னும் பேசலாம் என்பதை அவரே முடிவு செய்ய வேண்டும். இடையில் இரவுகள் அவருக்கு மிகவும் கடினமாக இருந்தால் 14416 என்ற, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவையும் அணுகலாம். சந்திப்பு முடியும்வரை பதிவு அலுவலகத்துக்குப் போக வேண்டாம் என்று அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த வேண்டுகோளை அண்ணனும் உங்களோடு சேர்ந்து வைத்தால் அக்கா அதைக் கவனிப்பார்.