வினவல் எழுதிப் பழகும் இணையக் கருவிக்குக் கலைச்சொல் தேவை

கணினித் துறை ஆசிரியை:
அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். தரவுத்தளப் பாடத்தின் செய்முறைக் கையேட்டை வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். எந்த மென்பொருளையும் நிறுவாமல், உலாவியிலேயே அட்டவணைகளை உருவாக்கி, வினவல் (தரவுத்தளத்திடம் தரவு கேட்கும் ஆணை) எழுதி இயக்கிப் பார்க்க உதவும் டிபி ஃபிடில் போன்ற கருவிகளை எப்படிக் குறிப்பது? முதல் வரைவில் 'வினவல் பிடில்' என்று இருந்தது. மாணவர்கள் கச்சேரியைத்தான் நினைப்பார்கள். வினவல் எழுதும் மொழியான எஸ்கியூஎல்லின் பெயரோடு 'எஸ்கியூஎல் பிளேகிரவுண்ட்' என்று ஒலிபெயர்த்துவிடவும் மனம் வரவில்லை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
அம்மா, 'வினவல்' என்பதிலேயே எனக்கு ஐயம் உண்டு. அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என வினாவை ஆறாகப் பகுக்கிறது நன்னூல். தரவை எடுத்துத் தரும் உங்கள் 'செலக்ட்' கொளல் வினா. "பயறு உளதோ வணிகரே" என்பவர் வாங்கிக்கொள்ளவே கேட்கிறார். தரவை அழிக்கும் 'டெலீட்' வெறும் ஏவல். அதில் வினா எங்கே இருக்கிறது? எனவே இரண்டுக்கும் பொதுவாகக் 'கட்டளை' என்போம். பொன்னை உரைத்துப் பார்க்கும் கல்லுக்குக் 'கட்டளைக்கல்' என்று பெயர்; "கருமமே கட்டளைக் கல்" என்பது குறள். கட்டளையைச் சோதிக்கும் கருவிக்கு இதைவிடப் பொருந்தும் பெயர் எது?

நிரலாளர்:
ஐயா, 1974இல் ஐபிஎம் ஆய்வாளர்கள் சேம்பர்லினும் பாய்சும் எஸ்கியூஎல் மொழியைச் 'சீக்வல்' என்று அறிமுகம் செய்தபோதே அப்பெயரின் விரிவில் 'க்வெரி', அதாவது வினவல், இருந்தது. அழித்தலும் மாற்றுதலும் அப்பெயரின்கீழ்தான் வாழ்கின்றன. ஆகவே வினவலை விட வழியில்லை. மேலும், உரைகல் சோதிக்குமே தவிரப் பழக்காது. எடின்பரோ நேப்பியர் பல்கலைக்கழகத்தில் உருவான எஸ்கியூஎல் ஜூ பாடம் நடத்திப் பயிற்சி தந்து, விடை சரியா என்றும் சொல்கிறது. டிபி ஃபிடிலோ பாடம் எதுவும் நடத்தாது. மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ்கியூஎல், எஸ்கியூலைட் ஆகிய தரவுத்தள மென்பொருள்களில் ஒன்றைத் தேர்ந்து, ஓட்டிப் பார்த்து, அதன் இணைப்பை இன்னொருவருக்கு அனுப்பலாம். பயிற்சியில் தேறிய வினவல் சோதனையிலும் தேறும் என்று சொல்வதற்கில்லை. ஒரு பட்டியலில் இல்லாதவற்றை எடுக்கும் 'நாட் இன்' கொண்டு எழுதிய வினவல் மாதிரித் தரவில் சரியான விடையைத் தந்திருக்கும். அப்பட்டியலைத் தரும் உள்வினவலின் விடையில் ஒரே ஒரு 'நல்' (மதிப்பு இல்லை என்னும் குறி) புகுந்தால் ஒரு வரிசைகூடத் திரும்பி வராது. எனவே பயிற்சிக்களம், சோதனைக்களம் என இரு சொற்கள் வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர்:
களம் எனக்கும் உவப்பே. தரவுத்தளம், வலைத்தளம், இயங்குதளம் என்று ஏற்கெனவே நெரிசலாக உள்ள 'தளத்தில்' இன்னொன்றை ஏற்ற வேண்டாம். 'மணற்பெட்டி' என்று யாரும் தொடங்கிவிடாதீர்கள்; சாண்ட்பாக்ஸ் என்பது ஐயத்துக்குரிய நிரலை வெளியே தீங்கு செய்யாதபடி அடைத்துவைக்கும் ஏற்பாடு, அது வேறு. இரண்டு சொல் வேண்டாம். 'வினவற்களம்' என்ற ஒன்றே போதும்.

நிரலாளர்:
அந்தப் புணர்ச்சியில் ஒரு நடைமுறைத் தடை இருக்கிறது. அட்டவணை ஒன்றில் 'வினவல்', 'வினவற்களம்' இரண்டையும் இட்டு, எழுத்துகளைப் பொருத்தித் தேடும் 'லைக்' கொண்டு 'வினவல்%' (வினவல் என்று தொடங்குபவை) என்று தேடினால் இரண்டாவது வராது. லகரம் றகரமாகத் திரிந்துவிட்டது. 'வினவ%' என்று தளர்த்தினால் இரண்டும் வரும், கூடவே 'வினவினான்' முதலியனவும் வரும். தேடிப் படிக்கும் மாணவருக்கு 'வினவல் களம்' என்று இடம்விட்டு எழுதுவதே உதவும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
கருவியின் குறைக்காக இலக்கணத்தை வளைப்பதா? பற்பொடி என்று எழுதியதால் யாராவது பல் துலக்காமல் விட்டார்களா? புணர்ச்சி விதியைத் தேடுபொறிக்குக் கற்பியுங்கள். நன்னூல் ஆசிரியர் பவணந்தியார் சுருக்கமாகத்தான் எழுதிவைத்திருக்கிறார்.

தரவுத்தளப் பேராசிரியர்:
ஒரு மறுப்பு. கணினி அறிஞர் காட் 1970இல், தரவை அட்டவணைகளாகக் காணும் உறவுமுறைத் தரவு மாதிரியை முன்வைத்த கட்டுரையில் 'டொமைன்' ஓர் அடிப்படைக் கருத்து; ஒரு நெடுவரிசை ஏற்கக்கூடிய மதிப்புகளின் தொகுதி அது. அதற்குச் சிலர் 'களம்' என்றே எழுதுகின்றனர். ஒரே நூலில் இரு களங்கள் வந்தால் மாணவர் எதைப் பிடிப்பார்? 'பட்டறை' என்றால் இந்தக் குழப்பம் இல்லை.

மொழிபெயர்ப்பாளர்:
பட்டறை என்றால் எல்லோரும் இரண்டு நாள் வகுப்பும் மதிய உணவும் என்று கொள்வார்கள். 'டொமைன்' என்பதற்கு 'மதிப்பெல்லை' என்று மாற்றிக்கொள்ளலாம்.

கணினித் துறை ஆசிரியை:
அனைவருக்கும் நன்றி. பெரும்பாலோர் களத்தின் பக்கம் இருப்பதால், பழகும் கருவி 'வினவல் பயிற்சிக்களம்', பல்வேறு தரவுகளை இட்டுச் சரிபார்க்கும் இடம் 'வினவல் சோதனைக்களம்' என்று கையேட்டில் வரும். இரண்டையும் ஒரே கருவியில் செய்யும் இடங்களில் பயிற்சிக்களம் என்றே விட்டுவிடுகிறேன். 'டொமைன்' மதிப்பெல்லை ஆகிறது. பேராசிரியரின் மறுப்பை முன்னுரையில் குறிப்பிடுகிறேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
இடம்விட்டு எழுதுவது எனக்கு உடன்பாடன்று. அதையும் அதே முன்னுரையில் சேர்த்துக்கொள்ளுங்கள். மெய்ப்பை வியாழக்கிழமை காலைக்குள் அனுப்பினால், ஒற்று மிகும் இடங்களையாவது பார்த்துத் தருகிறேன்.