குழம்பில் கிடப்பது மானா ஆடா? டிஎன்ஏ சோதனைக்கு மாதிரி எடுப்பது எப்படி?

சரகப்பணி:
வணக்கம். வேட்டை வழக்குகளில் பல நேரம் தோலோ தலையோ சிக்குவதில்லை, அடுப்பில் கொதிக்கும் குழம்புதான் கிடைக்கிறது. நமக்குப் புள்ளிமான் என்று சந்தேகம், பிடிபட்டவர் ஆட்டுக்கறி என்பார். குக்கரில் வெந்த கறியில் டிஎன்ஏ மிஞ்சுமா? எவ்வளவு எடுத்து, எதில் போட்டு அனுப்ப வேண்டும்? காட்டுப்பன்றிக்கும் இதே முறைதானா?

மரபணுமேசை:
மிஞ்சும், ஆனால் நொறுங்கிப்போய் இருக்கும். ஒரு செல்லில் மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏ (செல்லின் ஆற்றல் உறுப்புகளுக்குள் இருக்கும் தனி டிஎன்ஏ) நூற்றுக்கணக்கான பிரதிகளாக இருப்பதால்தான் வெந்த கறியிலும் இனத்தைச் சொல்ல முடிகிறது.

தயவுசெய்து குழம்பை அப்படியே டப்பாவில் ஊற்றி அனுப்பாதீர்கள். கெட்டித் துண்டுகளாக ஐந்தாறு எடுங்கள், எலும்பு ஒட்டியது இருந்தால் அதற்கே முதலிடம். ஒவ்வொன்றும் 10 முதல் 20 கிராம், தனித்தனித் திருகுமூடிப் புட்டியில். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால், சட்டியில் ஆடும் மானும் கலந்திருக்கும்போது எது எதிலிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. மசாலாவை வடித்தால் போதும், குழாய்த் தண்ணீரில் கழுவ வேண்டாம். துண்டுக்குத் துண்டு கையுறையும் பிளேடும் மாற வேண்டும்.

புட்டியில் 95 சதவீத எத்தனால், கறி ஒரு பங்கு என்றால் எத்தனால் ஐந்து பங்கு. கறியின் ஈரம் எத்தனாலை நீர்க்கச் செய்யும். முத்திரை வைத்தபின் திறந்து மாற்ற முடியாது என்பதால் முதலிலேயே தாராளமாக ஊற்றுங்கள். தடித்த துண்டை விரல்நுனி அளவுக்கு நறுக்கினால்தான் உள்ளே இறங்கும். ஃபார்மலின் கூடவே கூடாது, அது டிஎன்ஏவைப் புரதத்தோடு பிணைத்துக் கெடுத்துவிடும். எத்தனால் இல்லையென்றால் உறைபெட்டியில் மைனஸ் 20 டிகிரி. காய்ந்த தோல், முடி, நகம் கிடைத்தால் காகித உறையில் வையுங்கள். பிளாஸ்டிக்கில் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும்.

ஆய்வகவாசல்:
ஆய்வகத்துக்குத் தேவை 25 மில்லிகிராம்தான், மீதி மறுசோதனைக்கு. புரதத்தைக் கரைக்கும் நொதியான புரோட்டினேஸ் கே சேர்த்து 56 டிகிரியில் இரவு முழுக்கக் கரைத்து டிஎன்ஏ பிரிப்பார்கள். இந்தியாவில் பரவலாகப் பயன்படுவது ஹைதராபாத் சிசிஎம்பி என்ற உயிரணு ஆய்வு மையத்தில் உருவான எம்சிபி 398, 869 பிரைமர் ஜோடி. பிரைமர் என்பது டிஎன்ஏவில் எந்தப் பகுதியைப் பெருக்க வேண்டும் என்று குறிக்கும் சிறு டிஎன்ஏ துண்டு. அந்த ஜோடி மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவிலுள்ள சைட்டோகுரோம் பி மரபணுவில் 472 காரங்கள் (டிஎன்ஏவின் எழுத்துகள்) நீளமுள்ள பகுதியைப் பெருக்கும். குக்கரில் வெந்த கறியில் அந்த நீளம் பல நேரம் கிடைக்காது. அப்போது 150 காரங்கள் அளவுள்ள சிறு பகுதிக்கு இறங்க வேண்டும். பிசிஆர், அதாவது டிஎன்ஏவைப் பெருக்கும் இந்தச் சோதனை, வெறுமையாக வந்தாலே டிஎன்ஏ இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. மசாலாப் பொருட்கள் சோதனையைத் தடுப்பது காரணமாக இருக்கலாம், பத்து மடங்கு நீர்த்து மறுபடி ஓட்டினால் பலமுறை வந்துவிடும்.

ஆட்டுக்கும் புள்ளிமானுக்கும் இந்த மரபணுவில் 10 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு உண்டு, குழப்பமே வராது. அறிக்கையில் மாதிரியில்லாத வெற்றுச் சோதனையின் முடிவு இருக்கிறதா என்று பாருங்கள். குறுக்கு விசாரணையில் முதலில் அதைத்தான் கேட்பார்கள். ஒப்பீட்டுக்கு மானின் டிஎன்ஏவையே பக்கத்தில் ஓட்டுவதும் ஆபத்து. அது மாதிரியில் சிந்தியிருக்கலாம் என்ற வாதத்துக்கு இடம்கொடுக்கும்.

கரும்பன்றி:
பன்றிக்கு இது போதாது. காட்டுப்பன்றியும் வீட்டுப்பன்றியும் ஒரே இனம், இரண்டுக்கும் சைட்டோகுரோம் பி "பன்றி" என்று மட்டுமே சொல்லும். செல்லின் உட்கருவிலுள்ள எம்சி1ஆர், என்ஆர்6ஏ1 போன்ற மரபணுக்களைப் பார்க்க வேண்டும். நாட்டுப்பன்றியோடு கலப்பு இருந்தால் அதுவும் தெளிவாக வராது. அதனால் பன்றி வழக்கில் முடி, குளம்பு, தலைத்தோல் என்று எது கிடைத்தாலும் விடாமல் எடுங்கள்.

சரகப்பணி:
மிக்க நன்றி. பறிமுதலைப் பதிவுசெய்யும் மகஜரில் என்ன எழுத வேண்டும்?

மரபணுமேசை:
ஒவ்வொரு புட்டிக்கும் தனி எண், எடை, எந்தப் பாத்திரத்திலிருந்து, எத்தனை மணிக்கு, சாட்சிகளின் கையெழுத்து. அதே எண் புட்டி, மகஜர், ஆய்வகக் கடிதம் மூன்றிலும் மாறாமல் வர வேண்டும். முத்திரையின் அச்சை வேறு தாளில் பதித்துக் கடிதத்தோடு இணையுங்கள், பெறுபவர் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். கடிதத்தில் "இது மான்கறி" என்று எழுதாமல் "எந்த விலங்கின் இறைச்சி?" என்று கேளுங்கள். முடிவை முன்கூட்டியே சொல்லி அனுப்பியதாக எதிர்த்தரப்பு பேச வழியிருக்காது.