மூச்சுப் பயிற்சி செய்தால் தலை கிறுகிறுக்குது, எங்கே தப்பு?

வைகைக்கரை கேட்டது:
வேலை டென்ஷன். சாயங்காலம் ஆனா கழுத்தும் தோள்பட்டையும் இறுகிப்போகுது, ராத்திரி தூக்கம் வர ஒரு மணி ஆகுது. "ஆழமா மூச்சு இழுத்து விடுங்க"ன்னு எல்லாரும் சொல்றாங்க. பத்து தடவை இழுத்து விட்டதுமே தலை கிறுகிறுக்குது, விரல் நுனி மதமதக்குது. பிரஷர் 140/90 பக்கம் நிக்குது, மாத்திரை எடுக்கிறேன். பயிற்சியைச் சரியா செஞ்சா மாத்திரையை நிறுத்திடலாமா?

தென்றல்:
காத்தை அளவுக்கு மேல இழுக்கிறீங்க. அப்படிச் செஞ்சா ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு குறையும். அது குறைஞ்சா மூளைக்குப் போற ரத்தக்குழாய்கள் சுருங்கும், அதான் கிறுகிறுப்பு. ரத்தத்தோட காரத்தன்மையும் ஏறிடும், அதனால விரல்லயும் உதட்டைச் சுத்தியும் மதமதப்பு வரும். மூச்சு பத்தலைன்னு பயந்து இன்னும் இழுத்தா கூடத்தான் செய்யும். அந்த நேரத்துல பயிற்சியை நிறுத்திட்டுச் சாதாரணமா மூச்சு விடுங்க, கொஞ்ச நேரத்துல அடங்கிடும்.

நமக்கு வேண்டியது நிதானம், ஆழம் இல்லை. சாய்ஞ்சு உட்கார்ந்து பெல்ட்டைத் தளர்த்துங்க. ஒரு கை நெஞ்சுல, ஒரு கை தொப்புளுக்கு மேல. மூக்கு வழியா 4 எண்ணி இழுங்க, 6 எண்ணி விடுங்க. வயித்து மேல இருக்கிற கைதான் எழும்பணும். இப்படி நிமிஷத்துக்கு 6 மூச்சு வரும். சும்மா இருக்கும்போது 12-லேர்ந்து 20 வரைக்கும் ஓடுறதால எடுத்தவுடனே 6-க்கு வராது. 3-க்கு 4-ன்னு ஆரம்பிங்க. காலையில 5 நிமிஷம், சாயங்காலம் 5 நிமிஷம் போதும்.

விடுற மூச்சு ஏன் நீளமா இருக்கணும்னா, மணிக்கட்டுல நாடியைத் தொட்டுப் பாருங்க. இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் வேகமாகும், விடும்போது தணியும். வேகஸ் நரம்பு இதயத்தை அடக்குறது அப்போதான். வயசானவங்களுக்கு இந்த வித்தியாசம் அவ்வளவா தெரியாது.

மருதமரம்:
கழுத்து இறுக்கத்துக்கு மூச்சு மட்டும் பத்தாதுங்க. எட்மண்ட் ஜேக்கப்சன்னு ஒரு அமெரிக்க டாக்டர் 1929-ல் புத்தகமாவே போட்ட முறை இருக்கு: தசையை வேணும்னே இறுக்கி, சட்டுனு விட்டுடறது. விட்ட பிறகு வர்ற தளர்ச்சியைக் கவனிக்கிறதுதான் இதோட உயிர்நாடி. பலரும் அந்த இடத்துலதான் அவசரப்படுறாங்க.

5 விநாடி இறுக்கம், 20 விநாடி தளர்ச்சி. கை முஷ்டி, மேல்கை, நெற்றி, தாடை, தோள், வயிறு, தொடை, கெண்டைக்கால்னு வரிசையா போங்க. தோளைக் காது வரைக்கும் தூக்கி, அப்படியே கீழே விடணும். முக்கால் பலம் போதும். கெண்டைக்காலுக்கு விரல்களை உங்க பக்கம் மடக்குங்க, எதிர்ப்பக்கம் நீட்டினா தசை பிடிச்சுக்கும். உங்களுக்கு பிரஷர் இருக்கு, அதனால இறுக்கும்போது மூச்சை அடக்கவே கூடாது. அடக்கிட்டு முக்கினா பிரஷர் ஏறும்.

பகல்லயும் தாடையைக் கவனிங்க. உதடு மூடியிருக்கலாம், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடக்கூடாது.

வைகைக்கரை:
நன்றிங்க. இதைப் படுத்துக்கிட்டே செய்யலாமா?

மருதமரம்:
பழகுற வரைக்கும் உட்கார்ந்தே செய்யுங்க, படுத்தா பாதியிலேயே தூங்கிடுவீங்க. பழகினப்புறம் ராத்திரி படுத்துச் செய்யலாம்.

கார்த்திகைப்பூ:
மாத்திரை விஷயம். நீங்களா நிறுத்தாதீங்க. பயிற்சியால பிரஷர் சில புள்ளிகள் இறங்கலாம், ஆனா அது மாத்திரைக்கு ஈடாகாது. குறைக்கிறதா வேண்டாமான்னு டாக்டர் முடிவு பண்ண அவருக்குக் கணக்கு வேணும்: 7 நாள், காலையில ரெண்டு, சாயங்காலம் ரெண்டு அளவு. ரெண்டுக்கும் நடுவுல ஒரு நிமிஷம் விடுங்க. காலையில மாத்திரைக்கு முன்னாடியே எடுத்துடணும். அளக்குறதுக்கு முன்னாடி சிறுநீர் கழிச்சிட்டு 5 நிமிஷம் பேசாம உட்காருங்க. கால் மேல கால் வேண்டாம், கை நெஞ்சு மட்டத்துல இருக்கணும். மூச்சுப் பயிற்சி முடிச்ச கையோட அளந்தா குறைச்சுக் காட்டி ஏமாத்தும்.

தூக்கத்துக்கு முதல்ல சாயங்காலக் காபியைப் பாருங்க. குடிச்சு 5 மணி நேரம் ஆனாலும் ஏறக்குறைய பாதி காஃபின் உடம்புல இருக்கும். 5 மணிக் காபி 10 மணிக்கும் வேலை செய்யும். படுத்து 20 நிமிஷம் போல தூக்கம் வரலைன்னா எழுந்து மங்கின வெளிச்சத்துல உட்காருங்க, கண் சொருகினா திரும்பப் படுங்க. எப்போ தூங்கினாலும் காலையில எழுற நேரம் மட்டும் மாற வேண்டாம். சும்மா இருக்கும்போதே படபடப்பு, கை நடுக்கம், எடை குறையுறதுன்னு சேர்ந்து வந்தா டென்ஷன்னு விட்டுடாம தைராய்டு டெஸ்ட் எடுத்துடுங்க.