முதல் லாங்போர்ட் (நீண்ட சர்ஃப் பலகை): அந்த ஆறு அங்குலம் உண்மையிலேயே தேவையா?

கல்லடிப்பாலம்:
அறுகம்குடாக் காணொளி ஒன்றின் கீழே ஒருவர் எழுதியதை வாசித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "முதல் லாங்போர்ட் வாங்குகிறவன் 9 அடி 6 அங்குலத்துக்குக் குறைய வாங்கினால், அந்தக் காசைக் கடலிலேயே போட்டிருக்கலாம்." இதுதான் அவர் சொன்னது. கீழே வரிசையாக எல்லாரும் ஆமாம் போட்டிருக்கிறார்கள்.

என் எடை 62 கிலோ. நான் வைத்திருப்பது 9 அடி போர்ட். அகலம் 22½ அங்குலம், தடிப்பு 2¾. மிதப்பு 65 லீற்றர் அளவில் வரும். அறுகம்குடாவில் சின்ன அலை வரும் பேபி பொயின்டில் மற்றவர்கள் கரையில் உட்கார்ந்திருக்கும் நாளிலும் அது எனக்கு அலை பிடித்துத் தருகிறது. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் 55, 60 கிலோதான். 90 கிலோ வெளிநாட்டுக்காரருக்குச் சொல்கிற கணக்கை அவர்கள் தலையில் ஏன் கட்டுகிறீர்கள்? அந்த ஆறு அங்குலம் எங்களுக்குத் தேவையில்லை.

உல்லைக்கரை:
அதை எழுதியவன் நான்தான். ஒளித்து எழுதத் தேவையில்லை தம்பி, நேரே கேட்டிருக்கலாம்.

சின்ன அலைக்குத் தள்ளுகிற பலம் குறைவு. அதனால் வேகத்தைப் போர்ட்தான் கொடுக்க வேண்டும். தண்ணீரில் படுகிற நீளம் கூடக்கூட, கையால் தண்ணீரைத் தள்ளி முடிகிற ஒவ்வொரு தடவையும் போர்ட் கூடத் தூரம் வழுக்கிப் போகும். அலை நிமிர்வதற்கு முன்பே அதன் முதுகில் ஏறிவிடலாம். புதிதாகப் பழகுகிறவனுக்கு எழும்பி நிற்க இரண்டு நொடி வேண்டும். 9 அடி 6 அந்த நேரத்தைக் கொடுக்கும். 9 அடியில் அலை நிமிர்ந்த பிறகுதான் பிடிபடும், அவசரமாக எழும்புவான், போர்டின் மூக்கு, அதாவது முன்முனை, தண்ணீரில் குத்தி விழுவான். இங்கே அறுகம்குடாவில், எங்கள் உல்லையில், ஒவ்வொரு சீசனும் இதைக் கண்ணால் பார்க்கிறேன். கல்லடியில் இருந்துகொண்டு கணக்குப் பார்க்கிறவர்களுக்கு இது தெரிய வராது.

திருக்கோவில் தம்பி:
அண்ணன்மார், ஒரு கேள்வி. நீங்கள் இருவரும் சின்ன அலை என்கிறீர்களே, அது முழங்கால் உயரமா, இடுப்பு உயரமா, நெஞ்சு உயரமா? நான் இன்னும் போர்ட் வாங்கவில்லை. அது தெரிந்தால் எனக்கு உதவியாக இருக்கும்.

கல்லடிப்பாலம்:
தம்பி, கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன். முதலில் இவருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

நீளத்தை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கக் கூடாது. ரொக்கர் என்று ஒன்று இருக்கிறது, போர்டின் அடி எவ்வளவு வளைந்திருக்கிறது என்பது. மூக்கும் வாலும் மேலே தூக்கியிருக்கும் 9 அடி 6 போர்டைவிட, அடி தட்டையாக இருக்கும் 9 அடி போர்ட் சின்ன அலையில் நன்றாக வழுக்கும். அகலம் 23க்குக் கிட்ட இருந்தால் இன்னும் நல்லது. கடையில் இதை யாரும் சொல்வதில்லை. எழுதியிருக்கும் நீளத்தைப் பார்த்துத்தான் விலை சொல்கிறார்கள்.

கல்லடியைப் பற்றிச் சொன்னதற்கும் பதில் இருக்கிறது. வாடைக் காலத்தில் இங்கே அலை கரையிலேயே மடிந்து விழும், லாங்போர்டுக்கு அது உதவாது. அதனால்தான் நூறு கிலோமீற்றருக்கு மேல் வந்து உங்கள் ஊரில் சர்ஃப் செய்கிறேன். தூரத்திலிருந்து வருகிறவனுக்கு வாய் இருக்கக் கூடாதா?

உல்லைக்கரை:
வாய் இருக்கட்டும், கேள்விக்குப் பதிலும் இருக்கட்டும். ஒரே அகலம், ஒரே ரொக்கர், ஒரே ஆள். ஒன்று 9 அடி, மற்றது 9 அடி 6. எது முதலில் அலையைப் பிடிக்கும்? ஒரு வரியில் சொல்லுங்கள்.

அக்கரையூரான்:
ஒரு வரியில் நான் சொல்கிறேன்: கரைக்குக் கொண்டு வந்து சேர்க்க முடிகிற போர்ட்தான் அலையைப் பிடிக்கும். 9 அடி 6 என்றால் 290 சென்ரிமீற்றர். பொத்துவிலில் கூரையில் ராக் போட்ட ஓட்டோ நிறைய நிற்கிறது, உங்களுக்குக் கவலை இல்லை. அக்கரைப்பற்றில் நான் எதில் ஏற்றுவது? பஸ்ஸில் ஏற்ற விடமாட்டார்கள், வான் பிடித்தால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். பிறகு கச்சான் காற்று இருக்கிறது. மேற்கிலிருந்து அடிக்கிற காற்றில் அந்தப் பலகையைப் பக்கவாட்டில் பிடித்து நடந்து பார்த்திருக்கிறீர்களா? ஆளையும் சேர்த்துத் திருப்பிவிடும்.

உல்லைக்கரை:
கச்சானைப் பற்றிப் பேசியது நல்லது. கரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று அலையின் முகத்தைப் பிடித்து நிறுத்தும், போர்ட் கீழே இறங்குவதையும் தடுக்கும். அந்த நேரத்தில் வழுக்கல் கூடிய போர்ட் வேண்டும். அதாவது 9 அடி 6. என் பக்கத்துக்கு நீங்களே சாட்சி சொல்லிவிட்டீர்கள், அக்கரையூரான் காக்கா. வான் கூலி உங்கள் பிரச்சினை, அதை அலையின் மேல் போடாதீர்கள்.

கல்லடிப்பாலம்:
அதே காற்று மூக்குக்கு அடியில் புகுந்தால் நீண்ட போர்டைத்தான் முதலில் தூக்கும். இதை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள்?

ஃபைபர் கல்முனை:
நான் படகுக்கும் போர்டுக்கும் ஃபைபர் வேலை செய்கிறவன். நீளத்தைப் பற்றி இவ்வளவு சண்டை பிடிக்கிறீர்கள், உள்ளே என்ன ஃபோம் என்று ஒருவரும் கேட்கவில்லை. பழைய முறைப் போர்டில் பொலியூரிதேன் ஃபோம், மேலே பொலியெஸ்டர் ரெசின். நம் படகுகளுக்குப் போடுகிற ரெசினும் அந்தச் சாதிதான், எந்தப் படகு வேலைக்காரனும் அதை ஒட்டிக் கொடுப்பான். இப்போது வருகிற பல போர்டுகளில் உள்ளே இருப்பது பெட்டிகளுக்குள் வைக்கிற ரெஜிபோம் இனம். மேலே எபொக்சி. பாரம் குறைவு, மிதப்புக் கூட, நல்ல சாமான்தான். ஆனால் அதில் வெடிப்பு விழுந்து, தெரியாத ஒருவர் படகு ரெசினை ஊற்றினால் ஃபோம் கரைந்து போகும். அப்படி ஒன்று என்னிடம் வந்தது, உள்ளே கை முஷ்டி நுழைகிற அளவு குழி. வாங்குவதற்கு முன் இது எபொக்சியா இல்லையா என்று கேளுங்கள். அரை அடி கூடினால் என்ன, குறைந்தால் என்ன.

உல்லைக்கரை:
அரை அடி உங்களுக்கு ஒன்றுமில்லைதான். கடந்த சீசனில் என் தம்பிமுறைப் பையன் ஒருவனுக்கு 9 அடி போர்ட் ஒன்றை "புதுசு மாதிரி" என்று கொடுத்தது நீங்கள்தானே? மேலே வெள்ளைப் பெயின்ட். ஒரு மாதத்தில் ஃபைபர் தோல் ஃபோமை விட்டுக் கிளம்பி, நெஞ்சு வைக்கிற இடம் பொதபொதவென்று ஆகிவிட்டது. அப்புறம்தான் தெரிந்தது, பெயின்ட் எதை மறைத்தது என்று.

ஃபைபர் கல்முனை:
அந்தக் கதையை இங்கே கொண்டு வருவீர்கள் என்று தெரியும். கொடுக்கும்போது கட்டை விரலால் அழுத்திக் காட்டித்தான் கொடுத்தேன், எங்கும் உள்ளே போகவில்லை. உங்கள் பையன் உறை இல்லாமல் ஓட்டோக் கூரையில் உச்சி வெயிலில் விட்டான். உள்ளே இருக்கிற காற்றும் வாயுவும் சூட்டில் விரிந்தால் தோல் கிளம்பத்தான் செய்யும். பெயின்ட் போட்டது மஞ்சளை மறைக்க. ஃபோம் மஞ்சளாவது வெயிலால், அது பழுது இல்லை.

உல்லைக்கரை:
மஞ்சளுக்கும் பொதபொதப்புக்கும் வித்தியாசம் தெரியாமல் நான் இந்தக் கரையில் நிற்கவில்லை.

பாசிக்குடாக்காரி:
இரண்டு பேரும் அதைத் தனியாகத் தீர்த்துக்கொள்ளுங்கள். எனக்கு வேறு ஆத்திரம். இந்த 9 அடி 6 கணக்கில் பெண்கள் எங்கே? நான் 50 கிலோ. 23 அங்குல அகலப் போர்டைக் கைக்குள் இடுக்கினால் விரல் மறுபக்க ஓரத்தை எட்டாது. தலையில் வைத்துத்தான் நடக்க வேண்டும். 2018 இல் அறுகம்குடாவில் பெண்களுக்கென்றே சர்ஃப் கழகம் தொடங்கியாகிவிட்டது, நீங்கள் இன்னும் உங்கள் உடம்புக்கு மட்டும் அளவு சொல்கிறீர்கள். முதலில் 8 அடி சொஃப்ட் டொப் போதும். மேல்பக்கம் மெத்தென்று இருக்கும், தலையில் பட்டாலும் ஃபைபர் போலப் பிளக்காது.

உல்லைக்கரை:
தங்கச்சி, பாசிக்குடாவில் இடுப்பளவு தண்ணீரில் எவ்வளவு தூரமும் நடக்கலாம், அங்கே அலை எங்கே? 8 அடி சொஃப்ட் டொப்பை ஒரு சீசன் வாடகைக்கு எடுங்கள், விலைக்கு வாங்காதீர்கள். இங்கே பேசுவது சொந்தமாக வாங்கும் முதல் லாங்போர்ட். அதற்கு 9 அடி 6.

பாசிக்குடாக்காரி:
பாசிக்குடாவில் அலை இல்லை என்பதால்தான் விஸ்கி பொயின்டுக்கு வருகிறேன். அங்கே உங்கள் 9 அடி 6 ஆட்கள் போர்டை விட்டுவிட்டு நீந்துகிறதையும் பார்க்கிறேன். லீஷ், அதாவது போர்டைக் காலோடு கட்டுகிற கயிறு, போர்டின் நீளத்துக்கு இருக்கும். அதாவது 9 அடி போர்டும் 9 அடி கயிறும் சேர்ந்து பின்னால் நிற்கிறவருக்கு 18 அடி ஆபத்து. புதிதாகப் பழகுகிறவன் கையில் எவ்வளவு நீளமோ அவ்வளவு பயம் மற்றவர்களுக்கு. சின்னப் பிள்ளைகள் நிற்கிற இடம் அது. இதைப் பற்றி ஒரு வரி எழுதினீர்களா?

உல்லைக்கரை:
ஆறு அங்குலம் யாரையும் அடிப்பதில்லை. போர்டைப் பிடிக்கத் தெரியாதவன் 8 அடியிலும் அடிப்பான். போர்டை விடாதே என்று முதல் நாளே சொல்லித்தான் நான் தண்ணீரில் இறக்குகிறேன்.

அக்கரையூரான்:
ஃபின், அதாவது போர்டின் அடியில் வால் பக்கம் பூட்டுகிற செதில், அந்த விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 1935 இல் அமெரிக்க சர்ஃபர் டொம் பிளேக் போர்டுக்கு ஃபின் பூட்டுவதற்கு முன் எல்லாரும் ஒரு காலைத் தண்ணீரில் இழுத்துத்தான் திருப்பினார்கள். இப்போது லாங்போர்டுக்கு நடுவில் ஒரு பெரிய ஃபின், 9 அல்லது 10 அங்குலம். பெரிய அலை வரும் மெயின் பொயின்டில் தண்ணீர் வற்றிக் கல் தெரிகிற நேரம் அதோடு போனால், ஃபின்னைச் சொருகுகிற பெட்டியே பிய்ந்து வரும். நடுவில் 7 அங்குலமும் இரு பக்கமும் சின்ன ஃபின்களும் போடுகிற போர்ட் எடுங்கள்.

உல்லைக்கரை:
முதல் லாங்போர்டோடு மெயின் பொயின்டுக்கு யார் போகச் சொன்னது? பேபி பொயின்ட், விஸ்கி பொயின்ட், தெற்கே போனால் பீநட் ஃபாமின் சின்னப் பக்கம். அங்கே ஒற்றை ஃபின்தான் அழகு. போர்ட் நேராகப் போகும், மேலே நடக்கலாம். நடப்பதற்கும் இடம் வேண்டும், அந்த இடம் 9 அடி 6 இல் இருக்கிறது.

கல்லடிப்பாலம்:
இன்னும் எழும்பி நிற்கவே தெரியாதவன் மூக்கு வரை நடக்கப் போகிறானா? எந்தப் பக்கம் போனாலும் அந்த ஆறு அங்குலத்திலேயே கொண்டு வந்து நிறுத்துகிறீர்கள்.

திருக்கோவில் தம்பி:
அண்ணன்மார், நான் மறுபடியும் கேட்கிறேன். முழங்காலா, இடுப்பா? 68 கிலோ. புதுப் போர்டுக்கு வசதி இல்லை, பழையதுதான். ஒக்ரோபரில் சீசன் முடியும்போது வெளிநாட்டுக்காரர் விட்டுப் போகிறவற்றில் ஒன்றைப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

ஃபைபர் கல்முனை:
தம்பி, பழையது என்றால் வெயிலில் வைத்துப் பாருங்கள். குறுக்கே ஒரு கோடு ஓடினால், ஒரு முறை மடங்கியிருக்கிறது, விட்டுவிடுங்கள். மேல்பக்கம் முழுவதும் கட்டை விரலால் அழுத்துங்கள். ஃபின் பெட்டியைச் சுற்றி முடி போல வெடிப்பு இருக்கிறதா பாருங்கள், தண்ணீர் அதிகம் புகுவது அதன் வழியாகத்தான். வெடிப்புப் பக்கம் பழுப்பு நிறத் திட்டு இருந்தால் ஏற்கெனவே புகுந்துவிட்டது. தூக்கிப் பார்த்து, பார்வைக்கு மீறிப் பாரமாக இருந்தால் வேண்டாம். பெயின்ட் அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

உல்லைக்கரை:
"பெயின்ட் அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள்." இதை எழுதுகிற ஆளைப் பாருங்கள்.

ஃபைபர் கல்முனை:
மஞ்சளை மறைக்க என்று அப்போதே சொன்னேன். நான் கொடுத்த போர்ட் நல்ல போர்ட். அதை எங்கும் சொல்வேன்.

கல்லடிப்பாலம்:
தம்பி, 68 கிலோவுக்கு 9 அடி தாராளம். தடிப்பு 2¾க்குக் குறையாமலும் அடி தட்டையாகவும் இருக்கட்டும். யாருடைய ஆறு அங்குலத்துக்கும் காசு கொடுக்காதீர்கள்.

உல்லைக்கரை:
தம்பி, 68 கிலோவுக்கு 9 அடி 6, அகலம் 23, தடிப்பு 3. மிதப்பு 75 லீற்றர் சுற்றி வரும், காலையில் காற்று ஏறுவதற்கு முன் விஸ்கி பொயின்டுக்கு வாருங்கள், நானே தள்ளிவிடுகிறேன். கல்லடிக்காரர் இன்னும் என் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. ஒரே அகலம், ஒரே ரொக்கர், ஒரே ஆள். எது முதலில் பிடிக்கும்?

கல்லடிப்பாலம்:
62 கிலோக்காரனுக்கு இரண்டும் பிடிக்கும் என்று முதலிலேயே எழுதிவிட்டேன். வாசிக்கவில்லை என்றால் என்ன செய்வது? வெள்ளிக்கிழமை என் போர்டோடு வருகிறேன். உங்களுடையதையும் கொண்டு வாருங்கள். ஆளை மாற்றி மாற்றி ஏறிப் பார்ப்போம்.

உல்லைக்கரை:
வெள்ளிக்கிழமை ஜும்ஆ, தெரியாதா? சனிக்கிழமை வாருங்கள். அளந்து பார்க்க நாடாவும் கொண்டு வாருங்கள், உங்கள் 9 அடி உண்மையில் 8 அடி 10 ஆக இருந்தாலும் எனக்கு ஆச்சரியம் இல்லை.

கல்லடிப்பாலம்:
சனிக்கிழமை எனக்கு வேலை. 8 அடி 10 என்று என் போர்டைப் பார்க்காமலே எப்படிச் சொல்கிறீர்கள்? அந்தச் சொல்லை முதலில் திரும்பப் பெறுங்கள்.

உல்லைக்கரை:
திரும்பப் பெறுவதற்கு ஒன்றும் இல்லை. 9 அடி 6.