லிங்க் ராட், டெட் லிங்க்: இரண்டும் ஒன்றா?

மலர்விழி:
எல்லோருக்கும் வணக்கம். இணையத் தமிழின் தொடக்க காலம் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். துணைநூற்பட்டியலைப் பார்த்த நெறியாளர் ஓரத்தில் சிவப்பு மையில் 'லிங்க் ராட், கவனிக்கவும்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். டெட் லிங்க் தெரியும். இதுவும் அதுதானா?

குமரன்:
எல்லாம் ஒன்றுதாங்க. சொடுக்கினால் 'பக்கம் இல்லை' என்று 404 வரும். அவ்வளவுதான்.

ஜெயந்தி, நூலகர்:
இல்லை குமரன் தம்பி. திறக்காத ஒரு முகவரியைக் காட்டிச் சொன்னால் அது டெட் லிங்க், ப்ரோக்கன் லிங்க். நாள்பட நாள்பட முகவரிகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும் போக்குக்குத்தான் லிங்க் ராட் என்று பெயர். அதனால் 'மூன்று லிங்க் ராட்' என்று எண்ணிச் சொல்வதில்லை. 'இந்தப் பட்டியலில் லிங்க் ராட் அதிகம்' என்றால் சரி.

இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். 2013-இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 சதவீதம் பத்தே ஆண்டில் காணாமல் போய்விட்டதாக ப்யூ ஆய்வு மையம் 2024-இல் சொன்னது. பெரிய நிறுவனம் நடத்துகிறது என்று நம்பியும் இருக்க முடியாது. சொந்தப் பக்கம் அமைக்க இலவசமாக இடம் தந்த ஜியோசிட்டீஸ் தளத்தை யாஹூ 2009-இல் இழுத்து மூடியபோது எத்தனையோ பேரின் சொந்தப் பக்கங்கள் போயின.

404 வந்தால்கூடப் பரவாயில்லை, போய்விட்டது என்றாவது தெரியும். பக்கம் திறந்து, உள்ளே வேறு எதுவோ இருந்தால்தான் ஆபத்து. அதைக் கன்டென்ட் ட்ரிஃப்ட் என்பார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றத்திலேயே நடந்திருக்கிறது. 2011-இல் வீடியோ கேம் வழக்கில் நீதிபதி சாமுவேல் அலிட்டோ தன் கருத்துரையின் அடிக்குறிப்பில் ஒரு தளத்தைக் காட்டியிருந்தார். பிற்பாடு அந்த முகவரி வேறொருவர் கைக்குப் போனது. அவர் பழைய உள்ளடக்கம் இருந்த இடத்தில், இணையத்தில் எதுவும் நிலைக்காது என்று அலிட்டோ பெயரைச் சொல்லியே எழுதி வைத்துவிட்டார்! தீர்ப்புக்கே இந்த கதி என்றால் நம் ஆய்வேடு எம்மாத்திரம்?

மலர்விழி, உங்கள் பட்டியலைத் தானியங்கிக் கருவியை மட்டும் நம்பிச் சரிபார்க்காதீர்கள். பக்கம் திறந்தாலே அது 'சரி' என்று காட்டிவிடும். ஒவ்வொன்றையும் திறந்து, நீங்கள் மேற்கோள் காட்டிய வரி அங்கே இருக்கிறதா என்று பாருங்கள்.

மலர்விழி:
ரொம்ப நன்றி அக்கா. சில பக்கங்கள், பழைய வலைப்பக்கங்களின் நகலைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் கிடைக்கின்றன, ஆனால் எழுத்தெல்லாம் கோணல்மாணலாக வருகிறது. அதுவும் லிங்க் ராட்தானா?

ஜெயந்தி, நூலகர்:
அது வேறும்மா. பக்கம் முழுசாகத்தான் இருக்கிறது. எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடு குறியாக்கம் பரவுவதற்கு முன் டிஸ்கி, டாப் போன்ற குறியாக்கங்களில் தட்டச்சு செய்தவை அவை. எழுத்துரு மாற்றியில் போட்டால் படிக்க வந்துவிடும். உங்கள் தலைப்புக்கு அதுதான் மூலச் சான்று, விட்டுவிடாதீர்கள். பட்டியலில் பழைய முகவரி, சேமிப்பு முகவரி, சேமித்த தேதி மூன்றையும் கொடுங்கள். இன்னும் உயிரோடு இருக்கும் பக்கங்களை இன்று இரவே வேபேக் மெஷினில் நீங்களே சேமித்துவிடுங்கள். 'சேவ் பேஜ் நவ்' என்ற கட்டத்தில் முகவரியைப் போட்டால் போதும்.

குமரன்:
இத்தனை நாள் 404 மட்டும்தான் பிரச்சினை என்று நினைத்திருந்தேன். நன்றி அக்கா.