பேக்கப் ஸ்கிரிப்டில் உங்களைப் படுத்தியெடுத்த சிண்டாக்ஸ் எரர் (இலக்கணப் பிழை) எது?

ராத்திரி ஷிஃப்ட்:
கையால ஓட்டினா ஓடும், கிரான்ல (குறிச்ச நேரத்துக்கு வேலையைத் தானா ஓட்டுற புரோகிராம்) போட்டா செத்துப்போகும். இந்த ரகம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். தினமும் டார் (பல ஃபைலை ஒண்ணாக் கட்டுற கமாண்ட்) போட்டு ஃபைல் பேர்ல அன்னிக்குத் தேதியைச் சேர்க்கிற ஒத்தை வரி, எனக்கு முன்னாடி இருந்தவர் எழுதினது. திறந்த அடைப்பை மூடறதுக்குள்ள ஃபைல் முடிஞ்சுபோச்சுன்னு, கமாண்டை வாங்கி ஓட்டுற ஷெல் புலம்புது. வரியைப் பார்த்தா திறந்ததெல்லாம் மூடித்தான் இருக்கு. டெர்மினல்ல ஒட்டினா சமர்த்தா ஓடுது. கடைசியில சிஸ்டத்தோட பதிவேடான சிஸ்லாக்கைத் திறந்தேன். கிரான் ஓட்டின கமாண்ட் அதுல பதிவாகுமில்ல, அங்க தேதிக் கமாண்டோட கூட்டல் குறி வரைக்கும்தான் இருக்கு. அப்புறம் கத்தரிக்கோல் வெச்ச மாதிரி ஒண்ணுமே இல்லை. அடுத்து வரவேண்டியது சதவீதக் குறி! கிரானுக்கு வேலை எழுதிவைக்கிற கிரான்டேப்ல அது வந்தா கமாண்ட் அங்கேயே முடிஞ்சுது, மிச்சமெல்லாம் அந்தக் கமாண்டுக்கு இன்புட். ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி ஒரு பேக்ஸ்லாஷ் போட்டதும் சரியாயிடுச்சு. கையேடான மேன் பேஜ்ல எழுதித்தான் இருக்கு, யார் படிக்கிறாங்க?

டார்ப்பாய்:
உங்களுதாவது கத்திச் சொல்லிச்சு. ஒரு மொத்த வியாபாரக் கடைக்கு சர்வர் பார்த்துக்கிட்டிருந்தேன். முதலாளி போன்ல, "தம்பி, இசட்னு ஒரு ஃபைல் வந்து உக்காந்திருக்கு, எக்கச்சக்க ஜிபி. வைரஸா?"ன்னார். போய்ப் பார்த்தா நிஜமாவே ஒரே எழுத்துப் பேரு, எக்ஸ்டென்ஷன் கிடையாது. ஃபைல் கமாண்டைக் கொடுத்துப் பார்த்தேன், டார் ஆர்கைவ்னு சொல்லுது. கம்ப்ரெஸ் கூட ஆகலை. ஸ்கிரிப்ட்ல ஹைஃபன் போட்டு சி (உருவாக்கு), எஃப் (ஃபைல் பேரு), இசட் (சுருக்கு)னு அந்த வரிசையில இருக்கு. எஃப்புக்குப் பக்கத்துல எது ஒட்டியிருக்கோ அதுதான் ஃபைல் பேரு. ஆக 'இசட்' பேராயிடுச்சு. நிஜமான பேக்கப் பேரை, உள்ளே சேர்க்கவேண்டிய ஃபைலாக்கும்னு நினைச்சு, அப்படி ஒண்ணைக் காணோமேன்னு ஒரு வரி முனகிட்டு வேலையைத் தொடர்ந்திருக்கு. ஒவ்வொரு ராத்திரியும் பழைய இசட் மேலயே புது இசட். அந்தக் கடையோட மொத்தக் கணக்குக்கும் இருந்த ஒரே காப்பி அதுதான்.

அரைப்புள்ளி:
மன்னிக்கணும், இது சிண்டாக்ஸ் எரரே இல்லை. டாரைப் பொறுத்தவரை இலக்கணப்படி சரியான கமாண்ட். தலைப்புக்குச் சம்பந்தமில்லை. தவிர, ஹைஃபனை எடுத்துவிட்டால் அதே சி-எஃப்-இசட் ஒழுங்காக ஓடும். 1979இல் ஏழாம் பதிப்பு யூனிக்ஸோடு வந்த டாருக்கு எழுத்துகளை மொத்தமாக வாங்கிக்கொண்டு, பேர்களைப் பின்னால் வரிசையாக எடுத்துக்கொள்ளும் பழக்கம். குனு டார் அதை இன்றும் விடவில்லை.

டார்ப்பாய்:
ஐயா, எரர் வந்திருந்தா நான் ஏன் இங்க வந்து எழுதப்போறேன்.

வரிமுடிவு:
விண்டோஸ் நோட்பேடில் திருத்தி சர்வருக்கு ஏற்றிய ஸ்கிரிப்ட். எல்எஸ் போட்டால் பேக்கப் ஃபைல் கண்ணுக்குத் தெரிகிறது, அதே பேரைத் தட்டினால் அப்படி ஃபைலே இல்லை என்கிறது. பேரின் வாலில் கேரேஜ் ரிட்டர்ன் (விண்டோஸ் வரிமுடிவில் சேர்க்கும், கண்ணுக்குத் தெரியாத குறி) ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அதை நீக்கும் டாஸ்டுயூனிக்ஸ் கமாண்டை ஓட்டியதும் தீர்ந்தது. அவ்வளவுதான் என் கதை.

ஆனால் மேலே எழுதியவர்களுக்கு ஒன்று சொல்லியே ஆகவேண்டும். முதலில், எந்த ஸ்கிரிப்டையும் பேஷ் என்ற ஷெல்லில் 'ஹைஃபன் என்' (-n) போட்டுச் சோதியுங்கள், ஓட்டாமலே இலக்கணப் பிழையை மட்டும் காட்டும். அடுத்து ஷெல்செக், ஸ்கிரிப்டில் தப்பு தேடும் டூல். அதற்கப்புறம் பைப்ஃபெயில், பைப்பில் எந்தக் கமாண்ட் தோற்றாலும் மொத்தத்தையும் தோல்வி என்று சொல்லவைக்கும் ஷெல் ஆப்ஷன். அது இல்லாமல் டேட்டாபேஸ் டம்பை (மொத்த நகலை) பைப்பில், சுருக்கும் கமாண்டான ஜிஜிப்புக்கு அனுப்புகிறீர்கள், டம்ப் விழுந்துவிட்டது என்று வையுங்கள். ஜிஜிப் வெறுமையைப் பத்திரமாகச் சுருக்கி 20 பைட்டில் ஒரு ஃபைல் கொடுக்கும். எக்சிட் கோட் சுழியம், அதாவது வெற்றி. ஜிஜிப்பின் டெஸ்ட் ஆப்ஷன்கூட அதைப் பாஸ் பண்ணிவிடும்! அதனால் ஃபைல் அளவையும் பாருங்கள், மாதம் ஒருமுறை வேறு மெஷினில் பிரித்துப் பாருங்கள். 2017 ஜனவரி கடைசியில், கோட் சேமிக்கும் தளமான கிட்லேபில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6, டம்ப் எடுத்த டூல் 9.2. பேக்கப் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. கிரான் அனுப்பிய எச்சரிக்கை மெயில்களை, டிமார்க் (அனுப்பியவர் நிஜமா என்று பார்க்கும் முறை) கையொப்பம் இல்லையென்று மெயில் சர்வரே நிராகரித்திருக்கிறது. டேட்டாபேஸ் அழிந்த பிறகுதான், பேக்கப் போய்ச் சேரவேண்டிய பக்கெட் காலியாக இருப்பதைப் பார்த்தார்கள். மெயில் வராததை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ராத்திரி ஷிஃப்ட்:
நல்ல விஷயம்தான், யாரும் கேட்கலையே சார். 'ஹைஃபன் என்' போட்டிருந்தா என்னோட சதவீதக் குறியும் மாட்டியிருக்காது, அவரோட இசட்டும் மாட்டியிருக்காது.

டேஷ்போர்டு:
உபுண்டுவில் எஸ்எச் என்றால் பேஷ் இல்லை, 2006இல் வந்த 6.10லிருந்தே டேஷ் என்ற சின்ன ஷெல், அதற்கு அர்ரே (பல மதிப்புகளின் பட்டியல்) தெரியாது. விலக்கவேண்டிய ஃபோல்டர்களை அர்ரேயில் வைத்திருந்த ஸ்கிரிப்டை யாரோ எஸ்எச் போட்டு ஓட்ட, அடைப்புக்குறி எதிர்பாராதது என்று நின்றுவிட்டது. ஸ்கிரிப்டில் தப்பே கிடையாது. அதற்குள் டீமில் ஒருவர் எல்லா அடைப்புக்குறியையும் எடுத்துவிட்டிருந்தார்!

சுருட்டைக்குறி:
இதுக்கு இன்னும் வழி கிடைக்கலை, அதான் எழுதறேன். எங்க ஆபீஸ்ல கமாண்டெல்லாம் ஒரு வேர்ட் டாக்குமெண்ட்ல இருக்கும். அதுலேர்ந்து காப்பி பண்ணி ஸ்கிரிப்ட் எழுதினாங்க. பேர் நடுவுல ஸ்பேஸ் இருக்கிற ஃபோல்டர், ரெண்டு பக்கமும் மேற்கோள் குறி, பார்வைக்கு எந்தக் குறையும் இல்லை. கிரான் லாக்ல டார் சொல்லுது: காணாமப்போன ஃபோல்டர் பேருக்கு முன்னாடி பேக்ஸ்லாஷோட 342, 200, 234. அந்த மூணு எண்ணையும் ரொம்ப நேரம் முறைச்சுப் பார்த்துக்கிட்டிருந்தேன். வேர்ட் தானா வளைச்சுவிட்ட மேற்கோள் குறியோட யுடிஎஃப்-8 பைட்டுகள், ஆக்டல்ல (எட்டை அடியா வெச்ச எண்முறை). ஷெல்லுக்கு அது மேற்கோள் குறியே இல்லை, வெறும் எழுத்து. அதனால பேரு ஸ்பேஸ்ல ரெண்டாப் பிளந்துடுச்சு. ஸ்கிரிப்டைச் சரிபண்ணிட்டேன். டாக்குமெண்டைத் திருத்த எனக்குப் பர்மிஷன் இல்லை. வெச்சிருக்கிறவங்க, "பிரிண்ட்ல சரியாத்தானே இருக்கு"ங்கறாங்க.

அரைப்புள்ளி:
இதுவும் சிண்டாக்ஸ் எரர் இல்லை.